ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரைச் சீட்டோடு பட்ட பாடு

அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததையும், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அடைபட்ட எல்.ஏ.டி. குழாயில் (இதயத்தின் முன்பக்கத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முக்கியத் தமனி) ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்ததையும் நான் விரிக்கப் போவதில்லை. அந்தப் பகுதி குறையில்லாமல் நடந்தது. வீட்டுக்கு வந்தபின், அடுத்த எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பரிசோதனை வரைக்கும் கையில் கொடுத்த மாத்திரைச் சீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் அலைந்ததைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

மருத்துவமனையை விட்டுப் புறப்படும்போது அப்பாவின் இதயத்தின் பம்பிங், அதாவது இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு, 30 விழுக்காடு. நலமான இதயத்தில் இது 55க்கு மேல் இருக்கும். குழாயைத் திறந்துவிட்ட பிறகும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டபோது, இதய மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆக்ஸிஜன் கிடைக்காமல் தவித்த தசையில் ஒரு பகுதி இறந்துவிடுகிறது. அதை மீட்க முடியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள தசை உயிரோடு இருந்தும், இரத்தம் திரும்பி வந்த பின்னும், சில நாள்கள் அல்லது வாரங்களுக்குச் சுருங்காமல் மயங்கிக் கிடக்கும். பிரான்வால்டும் குளோனரும் 1982இல் விவரித்த நிலை இது. இந்தத் தசை தெளிவதற்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான், மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3 மாதம் காத்திருந்து மறுபடி எக்கோ எடுக்கிறார்கள். அப்போதும் பம்பிங் 35க்கு மேல் ஏறாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்க நெஞ்சில் ஐ.சி.டி. கருவி (இதயத்துடிப்பு ஆபத்தாகத் தடம்புரண்டால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவது) பொருத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். எஞ்சிய தசையைக் காக்கும் வேலை முழுவதையும் அந்த 3 மாதமும் மாத்திரைகளே செய்தாக வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

முதல் சிக்கல் மெட்டோபுரோலாலில் வந்தது. இது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. இதயத்தசை ஓய்வு நேரத்திலேயே தனக்கு வரும் இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே வேலை கூடினால் கூடுதல் இரத்தம் வந்தே தீரவேண்டும், வேறு வழியில்லை. இடது கீழறையின் தசைக்கோ பெரும்பாலான இரத்தம் இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு வேகமெடுத்தால் அந்த ஓய்வு நேரம் சுருங்கி, தேவை கூடும் அதே வேளையில் வரவும் குறைந்துபோகும். பீட்டா பிளாக்கர் துடிப்பைத் தணித்து, சுருக்கத்தின் விசையையும் இரத்த அழுத்தத்தையும் சற்றுக் குறைத்து, இரண்டு பக்கமும் உதவுகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மெட்டோபுரோலால் 50, காலை ஒன்று' என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர்க் கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடைக்காரர், மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய அட்டை தீர்ந்ததும், 'இதுவும் அதே மருந்துதான், விலையும் குறைவு' என்று வேறோர் அட்டையைக் கொடுத்தார். பெயரும் 50 என்ற எண்ணும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் விடியற்காலையில் அப்பாவின் நாடித்துடிப்பு 95ஐத் தொட்டது. மாடிப்படியில் நெஞ்சு இறுகியது. பகலில் பார்த்தால் 66 என்று நல்லபடியாகவே காட்டும். இரத்த அழுத்தக் கருவி காட்டும் நாடித்துடிப்பை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வந்ததால்தான் இந்த வேறுபாடு கண்ணில் பட்டது.

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பழையதில் 'சக்சினேட்' என்றும் புதியதில் 'டார்ட்ரேட்' என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. சக்சினேட் மெதுவாகக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்வது. ஒரு வேளை போதும். டார்ட்ரேட் சில மணி நேரத்தில் வேகம் குறைந்துவிடுவதால் இரண்டு வேளையாவது கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பம்பிங் குறைந்தவர்களின் உயிரைக் காப்பதாக 1999இல் வெளியான மெரிட் ஆய்வு காட்டியது சக்சினேட்டைத்தான். அதில் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. மருத்துவர் தொலைபேசியிலேயே பழைய மாத்திரைக்கு மாற்றச் சொன்னார்; சில நாளில் விடியற்காலை நாடித்துடிப்பு எழுபதுக்கு இறங்கியது. கடைக்காரரிடம் இரண்டு அட்டைகளையும் காட்டியபோது அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம். பீட்டா பிளாக்கர் வாங்குவோர் பெயரோடு அந்த இரண்டாவது சொல்லையும் படியுங்கள், சீட்டில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். 'சரக்கு இல்லை, ரெண்டு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அட்ரினலினின் தாக்கம் முன்னிலும் கடுமையாகத் திரும்பி, மார்வலியோ மாரடைப்போ வரக்கூடும். ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

அடுத்தது நைட்ரேட் மாத்திரை. செவிலியர் சீட்டில் காலை 8, இரவு 8 என்று குறித்திருந்தார். முதல் வாரம் நன்றாக இருந்த அப்பாவுக்கு, பிறகு மாலை நடையில் மீண்டும் இறுக்கம் தோன்றியது. நைட்ரேட் சிரைகளை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள்) விரித்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கிறது. கீழறையின் சுமை இறங்குவதால் தசைக்கு ஆக்ஸிஜன் தேவையும் இறங்குகிறது. ஆனால் இடைவிடாமல் உடலில் இருந்தால் குழாய்கள் அதற்குப் பழகிப்போய் மருந்து பலனற்றுவிடும். நாள்தோறும் பல மணி நேரம் அது இல்லாத இடைவெளி வேண்டும். மருத்துவர் இரண்டாவது மாத்திரையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றினார்; மாலை நடை சரியாகிவிட்டது. ஒரு கடிகார நேரத்தைத் திருத்தியதைத் தவிர வேறு செலவில்லை. மார்வலி வந்தால் நாவின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை (இதுவும் நைட்ரேட்தான்) உட்கார்ந்துகொண்டுதான் போட வேண்டும் என்பதையும், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகளோடு நைட்ரேட் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும் என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்த பழைய மருந்துப் பெட்டியைத் துழாவியது எங்களைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். இரத்த அழுத்தத்துக்காக முன்பு ஒரு மருத்துவர் எழுதிய டில்டியாசெம் அதில் பாதி அட்டை இருந்தது. நிறுத்தும்படி சம்மரியில் ஒரு வரியும் இல்லை. டில்டியாசெம் இதயத்தின் சுருக்க விசையைக் குறைக்கும். மாரடைப்புக்குப் பின் பம்பிங் குறைந்தவர்களுக்கு அது தீங்கு செய்ததை 1988இல் வெளியான பெரிய ஆய்வே காட்டியது. பீட்டா பிளாக்கரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். மூட்டுவலிக்காக வைத்திருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் மருத்துவர் எடுத்தெறியச் சொன்னார். அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, இதயத்தின் சுமையை ஏற்றும். முதல் பரிசோதனைக்குப் போகும்போது சம்மரி மட்டும் போதாது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

ராமிப்ரில் என்ற ஏ.சி.இ. தடுப்பு வகை மாத்திரையைத் தொடங்கியதும், அதன் பக்கவிளைவாக வறட்டு இருமல் வந்தது. மாரடைப்புக்குப் பின் இறந்த பகுதி மெலிந்து கீழறை ஊதிப் பெருப்பதை இந்த வகை மருந்துகள் தடுக்கின்றன என்பதால், அப்பா அதைத் தாமாக நிறுத்தப் பார்த்தபோது நான் விடவில்லை. மருத்துவர் சாக்குபிட்ரில்–வால்சார்ட்டனுக்கு மாற்றினார். ராமிப்ரிலின் கடைசி மாத்திரைக்கும் புதியதன் முதல் மாத்திரைக்கும் 36 மணி நேர இடைவெளி கட்டாயம்; இல்லையென்றால் முகமும் தொண்டையும் வீங்கக்கூடும்.

இத்தனைக்கும் நடுவில் ஆவணப் பிரிவின் கதை. எங்கள் ஊருக்கு அருகிலேயே தொடர் சிகிச்சை பெறுவதற்கு ஆஞ்சியோ படங்கள் பதிந்த சி.டி. வட்டும் முதல் எக்கோ அறிக்கையும் தேவைப்பட்டன. வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று தொலைபேசியில் சொன்ன அதே மருத்துவமனை, 100 கிலோமீட்டர் பயணம் செய்து போய் நின்றபோது, நோயாளி நேரில் வரவேண்டும் அல்லது அவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. எழுத்தர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. இரண்டாம் முறை கடிதம், ஆதார் நகல் இரண்டோடும் போனபோது, பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு அங்கேயே ஒரு விண்ணப்பம் எழுதி, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை கேட்டேன். முத்திரை குத்துவதற்குப் பதில் சற்று நேரத்தில் சி.டி.யையே கொடுத்துவிட்டார்கள்.

3 மாதம் முடிந்து எடுத்த எக்கோவில் பம்பிங் 44 என்று வந்தது, ஐ.சி.டி. பேச்சு இப்போதைக்கு இல்லை. அறிக்கையில் 'ஓரளவு நன்று' என்று மட்டும் எழுதிக் கொடுக்க வந்தவரிடம், எண்ணையும் எழுதித் தரும்படி வேண்டி வாங்கினேன்; அடுத்த முறை ஒப்பிட அந்த எண்தான் வேண்டும். மாத்திரைகள் எதையும் மருத்துவர் குறைக்கவில்லை. இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சேர்த்திருப்பதால் பொட்டாசியம் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்றார். அப்பாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருக்கிறது. பல் மருத்துவமனையில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். ஸ்டென்டில் இரத்தம் உறைந்துவிடக் கூடும் என்பதால் முதல் ஓராண்டுக்குள் தம்மைக் கேட்காமல் இரண்டில் எதையும் நிறுத்தக் கூடாது என்று இதய மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதத்தோடு திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.