சுண்டுவிரல்

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு

காலை ஆறரைக்கு "அப்பா, கால் வரமாட்டேங்குது" என்று பாப்பா கூப்பிட்டாள். நேற்று பள்ளியில் ஸ்போர்ட்ஸ் டே, 400 மீட்டர் ஓடினாள், வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டுப் படுத்தவள்தான். போர்வையை விலக்கினால் கட்டைவிரலை மட்டும் லேசாக அசைக்கிறாள், முட்டியை மடக்க முடியவில்லை, கையைத் தூக்கிப் பிடித்து விட்டால் தொப்பென்று விழுகிறது. கிள்ளினால் வலிக்கிறதாம். பேச்சும் மூச்சும் சரியாக இருந்தன.

இது மூன்றாவது தடவை. போன வருடம் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பலவீனம் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஏற ஏற கை இன்னும் தளர்ந்தது. மறுநாள் தானாகச் சரியானதும் பரீட்சை பயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் அதை நம்பி, பயப்படக்கூடாது சாமி என்று அவளுக்குப் புத்தி சொன்னேன். இன்றைக்கு அதை நினைத்தால் தாங்க முடியவில்லை. இந்தத் தடவை ஈரோட்டில் எங்கேயும் நிற்காமல் நேரே கோவைக்கு வந்துவிட்டோம்.

பிப்ரவரி 12

நேற்று ரத்தத்தில் பொட்டாசியம் 2.7. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். குடிக்கிற மருந்தாகவே கொடுத்தார்கள், சாயங்காலம் எழுந்து நடந்தாள். சரி, கிளம்பிவிடலாம் என்று இருந்தபோதுதான் ஈசிஜி. எடுத்த தம்பி ஒயர் கழன்றிருக்கும் என்று நினைத்து மூன்று தடவை ஒட்டி ஒட்டி எடுத்தார். ஒயரில் குறையே இல்லை. ஒரு நல்ல துடிப்பு, அதன் பின்னாலேயே அவசரமாக, அகலமாக ஒரு கோணல் துடிப்பு, மறுபடி நல்லது, மறுபடி கோணல், தாள் முழுக்க அப்படியே. இன்றைக்குப் பொட்டாசியம் 4.1-க்கு வந்த பிறகும் அதே கதைதான். அவளுக்கோ நெஞ்சில் ஒன்றுமே தெரியவில்லை, உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா ஈசிஜியைக் கீழே வைத்துவிட்டு, "கையை நீட்டு கண்ணு" என்றார். இரண்டு சுண்டுவிரலும் நுனியில் மோதிரவிரல் பக்கமாக வளைந்திருக்கின்றன. பிறந்ததிலிருந்து அப்படித்தான், என் விரல் மாதிரியே என்று வீட்டில் கொஞ்சுவோம். தாடையைப் பார்த்தார், சின்னதாக இருக்கிறது என்றார். கால் விரல்களில் இரண்டாவதும் மூன்றாவதும் அடியில் கொஞ்சம் ஒட்டியிருப்பதைக் காட்டினார். அப்புறம் என்னிடம், "நீங்களும் நீட்டுங்க." பச்சை விரிப்பின் மேல் அவள் கையும் என் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பிப்ரவரி 15

பெயர் ஆண்டர்சன்-தவில் சிண்ட்ரோம். 1971-ல் டென்மார்க்கில் ஆண்டர்சன் என்ற மருத்துவர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார், விட்டு விட்டு வரும் தசைத் தளர்ச்சி, தப்பும் துடிப்பு, உடல் அமைப்பில் சில வேறுபாடுகள். 1994-ல் தவில் என்பவர் இன்னும் சிலரைச் சேர்த்துப் பார்த்து இது தனி நோய் என்றார். எந்த மரபணு என்பது 2001-ல்தான் தெரிந்தது, கேசிஎன்ஜே2.

டாக்டரம்மா மதகு என்று சொல்லி விளக்கினார், வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த எனக்கு உடனே பிடிபட்டது. தசை செல்லின் சுவரில் பொட்டாசியம் போய்வர மதகுகள் உண்டு. ஒரு துடிப்பு முடிந்து செல் அடுத்ததற்குத் தயாராக ஓய்வு நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் இந்த மதகு வேலை செய்தாக வேண்டும். இதயத்திலும் கை கால் தசையிலும் இருப்பது ஒரே மதகு, அதனால்தான் இரண்டும் சேர்ந்து படுகின்றன. நான்கு துண்டு சேர்ந்து ஒரு மதகு ஆகிறது, கெட்ட துண்டு ஒன்று கலந்தாலே மொத்தமும் கெடும். ஆகவே அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஓடும்போது வராமல் ஓடி முடித்துப் படுத்த பிறகு ஏன் வருகிறது என்று கேட்டேன். உழைத்த பின் வரும் ஓய்வுதான் இதற்கு வேளை என்றார். குளுக்கோஸ் ஏற்றினால் இன்சுலின் சுரந்து ரத்தத்துப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும், ஏற்கெனவே குறைந்திருப்பது இன்னும் குறையும். போன வருடம் நடந்தது அதுதான். இதைப் படிப்பவர்கள் வீட்டில் இப்படித் தளர்ந்து விழும் பிள்ளை இருந்தால், தெம்புக்கு ட்ரிப்ஸ் போடும் முன் பொட்டாசியமும் ஈசிஜியும் பார்க்கச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பொட்டாசியம் நிறைந்தது என்று இளநீரும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இதே நோயில் சிலருக்குப் பொட்டாசியம் ஏறிப்போயும் தளர்ச்சி வரும்.

மார்ச் 3, ஞாயிறு

பவானியில் அக்கா வீடு. போனதும் கையை நீட்டச் சொன்னேன். அதே விரல்.

அக்காவுக்குப் பதினைந்து வயதில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனோம். மறுநாள் காலை மண்டபத்தில் அவள் எழுந்திருக்கவே இல்லை. அம்மா முதலில் திட்டினாள், அப்புறம் தண்ணீர் ஊற்றினாள். ஈரப் பாவாடையோடு கண்ணை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டு கிடந்தாள், நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அதற்குப் பிறகு வருடத்துக்கு நாலைந்து தடவை. ஊரில் அவளுக்குச் சோம்பேறி என்றே பெயர், தையல் வேலையையும் அதனால்தான் விட்டாள். மூன்று தடவை மயங்கி விழுந்திருக்கிறாள், அதையும் யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை.

நான் விளக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நான் வேணும்னு படுத்துக்கலைங்கறது இப்பத்தான் தெரியுதா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி போட எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 6

மரபணு ரிப்போர்ட் வந்தது. பாப்பாவுக்கும் எனக்கும் ஒரே எழுத்து மாறியிருக்கிறது. எனக்குத் தளர்ச்சி வந்ததே இல்லை, ஈசிஜியில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும் தப்புகிறது. ஒரே மாற்றம் ஒரே வீட்டில் ஒருவருக்குக் காலிலும் ஒருவருக்கு நெஞ்சிலும் தெரிவது இந்த நோயில் சகஜமாம்.

பாப்பாவை நான்கு நாள் அட்மிட் செய்து, துடிப்பைச் சீராக்கும் ஃபிளெக்கனைடு மாத்திரை ஆரம்பித்தார்கள். தளர்ச்சிக்கு அசிட்டசோலமைடு. கோணல் துடிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: குளுக்கோஸ் வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் இழுப்புக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர் வேண்டாம், ஓடி முடித்ததும் உடனே உட்கார வைக்காமல் கொஞ்சம் நடக்க விடவும். பி.டி. சார் அதைத் தன் நோட்டிலும் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 21

அக்காவுக்கு ஹோல்டர், 24 மணி நேரம் விடாமல் ஈசிஜி பதியும் சின்னப் பெட்டி. இடுப்பில் பெட்டியைக் கட்டிக்கொண்டே மாவாட்டியிருக்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்கு இதயத்தின் கீழறைத் துடிப்பு மட்டும் வேகமாகத் தொடர்ந்து ஓடியிருக்கிறது, அப்போது நல்ல தூக்கத்தில் இருந்தாளாம். முன்பே மயங்கி விழுந்தவள் என்பதால் நெஞ்சில் ஐசிடி, அதாவது துடிப்பு ஆபத்தாக ஓடினால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் சின்னக் கருவி, வைப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். புதன்கிழமை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். பாப்பாவும் வருவேன் என்கிறாள், அத்தை பக்கத்தில் உட்கார வேண்டுமாம்.