ஆபர்டைன் துறைமுகம் இருந்த இடம்

விரிவாக்கத் தொகுப்பு என்றால் இருக்கும் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்புவது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டின் முதல் இரண்டு தொகுப்புகளும் அப்படித்தான் இருந்தன. 2007 ஜனவரியில் வந்த 'தி பர்னிங் குருசேட்' அவுட்லேண்ட் என்னும் வேற்றுலகத்தைச் சேர்த்து, லெவல் உச்சத்தை 60இலிருந்து 70க்கு உயர்த்தியது; 2008 நவம்பரில் வந்த 'ராத் ஆஃப் தி லிச் கிங்' வடக்கே நார்த்ரெண்ட் என்னும் பனிக்கண்டத்தைச் சேர்த்து 80க்குக் கொண்டுபோனது. இரண்டிலும் பழைய நிலம் ஏறக்குறைய பழையபடியே கிடந்தது. 2010 டிசம்பர் 7ஆம் தேதி வெளியான மூன்றாவது தொகுப்பான 'கேட்டக்ளிசம்' மட்டும் மாடி கட்டுவதற்கு முன் அடித்தளத்தையே இடித்துப் போட்டது.

இடித்த நாள் டிசம்பர் 7கூட அல்ல. அதற்கு இரண்டு வாரம் முன்பே, நவம்பர் 23 அன்று, 4.0.3ஏ என்ற பேட்ச், அதாவது மென்பொருள் புதுப்பிப்பு, வழியாக உலகம் மாறிவிட்டது. விளையாட்டு முதன்முதலில் வெளியான 2004 நவம்பர் 23க்குச் சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, அதே தேதியில். தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கியவர், வாங்காதவர் என்ற வேறுபாடு இந்தப் பேட்சுக்குக் கிடையாது. மாதச் சந்தா கட்டும் அனைவருக்கும் அது தானாக இறங்கியது. நான் அப்போது கேட்டக்ளிசத்தை வாங்கவில்லை. கையில் பணம் தட்டுப்பாடாக இருந்ததால் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். புதியதை வாங்காமல் இருந்தால் பழையதாவது நமக்கு மிஞ்சும் என்ற என் கணக்கு எவ்வளவு தவறானது என்பது அன்று புரிந்தது.

நைட் எல்ஃப் இனத்து வேட்டைக்காரியான என் பாத்திரத்தை முந்தைய இரவு ஆபர்டைனில்தான் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். டார்க்ஷோர் கடற்கரையில் எப்போதும் அந்தி மயங்கிய நிறத்திலேயே இருக்கும் சிறிய துறைமுகம் அது. 2007இல் நான் விளையாடத் தொடங்கியபோது, நைட் எல்ஃப்களின் மரநகரத்திலிருந்து மனிதர்களின் நாட்டுக்குப் போக வேண்டுமானால் ஆபர்டைனின் மரப்பாலத்தில் நின்று மெனெத்தில் துறைமுகத்துக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். மெனெத்திலில் இறங்கியதும் சதுப்பு நிலத்து முதலைகளுக்கும், டன் ஆல்காஸ் குகைப்பாதையில் நிற்கும் ஆர்க்குகளுக்கும் தப்பி ஓட வேண்டும். 12ஆம் லெவல் பாத்திரத்துக்கு அது சாத்தியமில்லை என்பதால் செத்து, ஆவியாக ஓடிவந்து உடலை மீட்டு, பத்தடி நடந்து மறுபடி செத்து, அப்படியே தவணை முறையில் அயர்ன்ஃபோர்ஜ் நகரம் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பயணத்தை யாரும் வடிவமைத்து என் கையில் தரவில்லை. அதற்கு ஒரு குவெஸ்ட்டும் (விளையாட்டு தரும் பணி) கிடையாது, பரிசும் கிடையாது. இருந்தும் அந்த விளையாட்டில் முதலில் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

பேட்ச் இறங்கிய பின் உள்ளே நுழைந்தபோது ஆபர்டைன் இல்லை. வளைந்த கூரைகள் தரையில் கிடந்தன. விடுதி நின்ற இடத்தில் உத்தரங்கள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. மக்கள் வடக்கே லார்டனெல் என்ற புதிய குடியிருப்புக்குப் பெயர்ந்துவிட்டார்கள், இடிபாடுகளுக்குள் இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தேடி மீட்டுவர வேண்டும் என்று அங்கே ஒரு குவெஸ்ட் தருகிறார்கள். கதைப்படி காரணம் டெத்விங். பூமியின் அடியாழத்தில் நெடுங்காலம் காயம் ஆற்றிக்கொண்டிருந்த அந்தக் கரிய டிராகன் மேலே வெடித்துக் கிளம்பியதில், அஸெரோத் என்ற அந்த விளையாட்டுலகின் நிலம் முழுவதும் பிளந்தது என்பது ஏற்பாடு.

அன்று முழுவதும் நான் எந்த வேலையும் செய்யவில்லை. கிரிஃபன் ஏறி ஏறி ஊர் ஊராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெள்ளத்துக்குப் பிறகு உறவினர் வீடுகளைப் பார்க்கப் போகிறவனைப் போல. தௌசண்ட் நீடில்ஸ் என்ற வறண்ட பள்ளத்தாக்கைக் கடல் கொண்டுவிட்டிருந்தது. உயர்ந்த பாறைத் தூண்களின் அடிப்பாகம் நீரில் மூழ்கியிருக்க, அதன் தென்கிழக்கே உப்புப் பாலையில் பந்தயக் கார் ஓட்டிக்கொண்டிருந்த க்னோம்களும் காப்ளின்களும் இப்போது ஒரு மிதவையின் மேல் கடை விரித்திருந்தார்கள். கடல்கோள் என்ற சொல்லைப் பள்ளியில் படித்ததோடு சரி. அதைக் கண்ணால் கண்டது இந்தத் திரையில்தான். லாக் மோடனில் அணை உடைந்து ஏரி வற்றியிருந்தது. ஸ்டார்ம்விண்ட் நகரின் பூங்காப் பகுதி முழுவதுமாகப் பெயர்ந்து வெறும் பள்ளமாகக் கிடந்தது. பேரன்ஸ் சமவெளி நடுவில் பிளந்து வடக்கு, தெற்கு என இரண்டு பகுதிகளாகிவிட்டது. அழிவோடு சில நன்மைகளும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். டெசொலேஸ் என்று பெயரிலேயே பாழைச் சுமந்த பகுதியின் நடுவே பசுமை துளிர்த்திருந்தது.

பழையதை இடித்தார்கள் என்பதற்காக மட்டும் இந்தத் தொகுப்பைத் திட்டுவது நியாயமாகாது. 2004இல் எழுதப்பட்ட குவெஸ்ட்டுகள் பெரும்பாலும் பத்துப் பன்றியைக் கொல், எட்டுத் தோலைக் கொண்டுவா என்ற ரகம்தான். ஒன்றுக்காகக் கண்டத்தின் மறுகோடிவரை நடக்கவிட்டு, திரும்பி வந்தால் அதே இடத்துக்கு இன்னொன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். புதிய அடுக்கில் ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கமும் முடிவும் கொண்ட கதை இருந்தது. வெஸ்ட்ஃபாலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விளையாட்டில் அப்பகுதியின் வாசலிலேயே வண்டியோடு நின்று வேலை கொடுத்த ஃபர்ல்புரோ தம்பதியர் புதிய கதையில் கொலையுண்டு கிடக்கிறார்கள். ஸ்டார்ம்விண்டிலிருந்து வந்த துப்பறிவாளர் ஒருவர் விசாரிக்கிறார். வயல்களெங்கும் வீடிழந்த ஏழைகள் அலைகிறார்கள். அந்த விசாரணை, முன்பு டெட்மைன்ஸ் சுரங்கத்தில் நாம் கொன்ற எட்வின் வான்கிளீஃபின் மகள் வனெசாவிடம் போய் முடிகிறது. ஆறு ஆண்டுகளாக இலட்சக்கணக்கானோர் பெருமையாகக் கொன்றுவந்த வில்லனுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். இதை எழுதியவர்கள் பழைய விளையாட்டை என்னைவிட ஆழமாக நேசித்தவர்கள் என்றே தோன்றியது.

பிழை கதையில் இல்லை, காலத்தில் இருந்தது. 1 முதல் 60 வரையான நிலத்தைப் புதுப்பித்தவர்கள், அதன் பிறகு வரும் அவுட்லேண்டையும் நார்த்ரெண்டையும் அப்படியே விட்டுவிட்டார்கள். இதனால் புதிதாகச் சேர்ந்த ஆர்க் ஒருவன் தன் இனத்தின் தலைநகரான ஆர்க்ரிமாருக்குள் முதன்முறை நுழையும்போது அங்கே தலைவனாக இருப்பவன் கேரோஷ். நகரத்தையே இரும்பு முட்களால் வேய்ந்து வைத்திருக்கும் முரடன். அதே ஆர்க் 60ஐத் தாண்டி அவுட்லேண்டின் நாக்ராண்டுக்குப் போனால், அங்கே அதே கேரோஷ் தந்தையின் பழியை நினைத்து மனமுடைந்து, எழுந்து நடக்கவும் விருப்பமின்றி உட்கார்ந்திருக்கிறான். அடுத்து நார்த்ரெண்டில் படைத்தளபதி. 80ஐத் தொட்டதும் மறுபடி தலைவன். தொடக்கத்திலிருந்து விளையாடியவர்களுக்கு இது புரியும். புதிதாக வந்தவருக்கு யார் எப்போது எங்கே என்ற எந்த ஒழுங்கும் கிடைக்காது. என் சித்தி மகன் அந்த வாரம்தான் விளையாடத் தொடங்கினான். நாக்ராண்ட் வந்ததும், "அண்ணா, இவர்தானே நம்ம தலைவர், இவர் ஏன் இங்கே அழுதுகொண்டிருக்கிறார்?" என்று கேட்டான். விளக்கத் தொடங்கி, பாதியில் எனக்கே சலித்துவிட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இவ்வளவு உழைப்பையும் கொட்டிய இடம், 80ஐ எட்டிவிட்ட பெரும்பாலானோர் திரும்பிப் பார்க்காத இடம். அவர்களுக்கென்று ஐந்தே லெவல்கள்தான் சேர்ந்தன, உச்சம் 85. புதிய பகுதிகளும் ஐந்து: ஹைஜால் மலை, கடலடியில் வாஷ்யிர், பாதாளத்தில் டீப்ஹோம், பாலைவனத்தில் அல்டும், கிழக்கே ட்வைலைட் ஹைலேண்ட்ஸ். நார்த்ரெண்ட்போல இவை ஒரே கண்டமாக இல்லை. ஸ்டார்ம்விண்டிலும் ஆர்க்ரிமாரிலும் இருந்த வாசல்கள் வழியே தனித்தனியாகப் போய்வர வேண்டியிருந்தது. புதிய நாட்டுக்குப் பயணம் போகிறோம் என்ற உணர்வு அதனால் எழவே இல்லை. வாஷ்யிரைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனம். கடற்குதிரை மேல் பாசிக்காட்டுக்குள் நீந்திப் போகும் முதல் மணிநேரம் அற்புதம். நான்காவது மணிநேரத்தில், எதிரி தலைக்கு மேலிருக்கிறானா காலுக்குக் கீழிருக்கிறானா என்று தெரியாமல் கேமராவைச் சுழற்றிச் சுழற்றித் தலைசுற்றல்தான் மிச்சம். அடுத்த பாத்திரத்தை எல்லோரையும்போல நானும் ஹைஜாலுக்கே அனுப்பினேன்.

பிறகு டஞ்சன்கள், அதாவது சிறு குழுவாக உள்ளே போய் எதிரிகளை வெல்ல வேண்டிய தனிப் பகுதிகள். லிச் கிங் காலத்தின் முடிவில் ஐந்து பேர் டஞ்சன் என்பது எதிரிகளையெல்லாம் மொத்தமாக இழுத்து ஒரே இடத்தில் வைத்து அடித்து நொறுக்கும் வேலையாகிவிட்டிருந்தது. 2009 டிசம்பரில் வந்த டஞ்சன் ஃபைண்டர், வெவ்வேறு சர்வர்களிலிருந்து முன்பின் தெரியாத ஐவரைச் சேர்த்துவிடும். வணக்கம்கூடச் சொல்லாமல் முடித்துவிட்டுக் கலைவார்கள். கேட்டக்ளிசம் அந்தப் பழக்கத்தை மாற்றாமல் டஞ்சன்களை மட்டும் கடினமாக்கியது. ஸ்டோன்கோர் என்ற டஞ்சனின் ஹீரோயிக் என்னும் கடின வடிவத்தில் ஓஸ்ருக் என்றொரு கற்பூதம் உண்டு. அது முதலில் மந்திரங்களைத் திருப்பியடிக்கும் கவசத்தை எழுப்பும். பிறகு குழுவையே அசையாமல் முடக்கும். முடக்கிவிட்டு, அருகில் நிற்பவரைச் சிதறடிக்கும் ஓர் அடி கொடுக்கும். முடக்கத்திலிருந்து விடுபட ஒரே வழி, உடம்பில் ஏதாவது காயம் படுவது. ஆகவே கவசம் எழும்போதே, மெல்ல மெல்ல வலிக்கும் மந்திரமொன்றை வேண்டுமென்றே அதன்மேல் ஏவி, அது திரும்பி வந்து நம்மையே தாக்கும்படி செய்துகொள்ள வேண்டும். அந்த வலி முடக்கத்தை உடைக்கும், உடைந்ததும் ஓடித் தப்பலாம். நண்பர்களோடு ஆடினால் இது அருமையான புதிர். பேசாத நான்கு அந்நியர்களோடு ஆடினால் மூன்று முறை குழுவே மடிந்து, நான்காவது முறை டேங்க் ஆடுபவர், அதாவது குழுவுக்காக அடி தாங்குபவர், சொல்லாமல் கிளம்பிவிடுவார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. அமெரிக்க சர்வரில் 300 மில்லிசெகண்டு தாமதத்தோடு ஆடியவனுக்கு ஓடித் தப்புவது என்பதே கொஞ்சம் நகைச்சுவையான யோசனை.

2011 ஜனவரியில், விளையாட்டைத் தயாரித்த பிளிசார்ட் நிறுவனத்தின் வடிவமைப்பாளர்களில் முக்கியமானவரான கிரெக் ஸ்ட்ரீட் இந்தக் கடினத்தை ஆதரித்து நீண்ட விளக்கம் எழுதினார். வாதம் என்னவோ எனக்கு ஏற்புடையதாகவே இருந்தது. ஆனால் அடுத்த மாதமே வந்த 4.0.6 பேட்ச் பல டஞ்சன்களை எளிதாக்கிவிட்டது. விற்பனையில் குறையில்லை, முதல் 24 மணிநேரத்தில் 33 இலட்சம் பிரதிகள் போயின. ஆனால் 2010 அக்டோபரில் 1 கோடியே 20 இலட்சம் என்று அறிவிக்கப்பட்ட சந்தாதாரர் எண்ணிக்கை, 2011 முடிவில் சுமார் 1 கோடியே 2 இலட்சமாக இறங்கியிருந்தது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கில்ட் என்ற என் ஆட்டக் குழுவிலிருந்து விலகியவர்களுக்குச் சொல்வதற்கு இருந்த காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய ஊரும் இல்லை, புதிய ஊரும் பிடிக்கவில்லை.

டெத்விங்கை நான் நேரில் பார்த்தது பெரிய குழுவாகப் போய் மோதும் ரெய்டில் அல்ல. தொகுப்பை வாங்கிச் சில நாள்கள் ஆகியிருக்கும்; பழைய பகுதியொன்றில் தனியாக மூலிகை பறித்துக்கொண்டிருந்தேன். வானம் திடீரென்று சிவந்தது. என்னவென்று நிமிர்வதற்குள் திரை முழுவதும் தீ; என் வேட்டைக்காரி மடிந்து கிடந்தாள். அவள் வளர்க்கும் ஆந்தையும் பக்கத்தில் கிடந்தது. கரிய உருவம் மலைக்கு அப்பால் போய் மறைந்தது. தீயில் நின்றாய் என்று ஒரு சாதனைப் பட்டம் மட்டும் திரையில் மின்னியது. எப்போது எங்கே வருவான் என்று முன்னறிவிப்பே இல்லாமல் வந்து, யாரென்றும் பார்க்காமல் எரித்துவிட்டுப் போன அந்த அரை நிமிடத்தில் இருந்த அச்சம், ஓராண்டு கழித்து டிராகன் சோல் ரெய்டில் அவன் முதுகில் ஏறி நின்று தகடு தகடாகப் பெயர்த்தபோது எனக்கு வரவில்லை.

2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்ற பெயரில் இடிபடாத பழைய உலகை நிறுவனமே மறுபடி திறந்தது. முதல் நாள் வரிசையில் நானும் நின்றேன். மறுபடியும் நைட் எல்ஃப், மறுபடியும் வேட்டைக்காரி. ஆபர்டைன் மரப்பாலத்தில் நாற்பது ஐம்பது பேர் கப்பலுக்காக நின்றிருந்தார்கள்; சிலர் நேரம் போகாமல் கடலில் குதித்து நீந்தினார்கள், ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். கப்பல் வந்தது, எல்லோரும் ஏறினார்கள், நான் ஏறவில்லை. கிளாசிக்கும் படிப்படியாக முன்னேறி 2024 மே மாதம் கேட்டக்ளிசத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த வரிசையில் ஆபர்டைன் இரண்டாம் முறையாக அழிந்தது. முன்னேறாமல் பழைய நிலையிலேயே நிறுத்தப்பட்ட 'எரா' சர்வர்களும் தனியாக ஓடுகின்றன. என் வேட்டைக்காரி அங்கேதான் இருக்கிறாள், 14ஆம் லெவலில், ஆபர்டைன் விடுதியின் மாடியறையில்.