எத்தனை கஜம்?

தொண்ணூறுகளின் நடுவில், காஷ்மீரில் ஒரு காலாட்படை யூனிட்டில் கிளார்க்காக இருந்தேன். நாயக் பதவியில் இருந்த ஒரு ஜவானுக்கு வீரப் பதக்கம் கேட்டு சைட்டேஷன், அதாவது அவர் என்ன செய்தார் என்று மேலிடத்துக்குச் சொல்லும் பரிந்துரைக் குறிப்பு, அடிக்கச் சொன்னார்கள். எனக்கு அது முதல் சைட்டேஷன். குண்டு பட்டு ஓடைக்குள் கிடந்த கூட்டாளியை, எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே இழுத்து வந்தவர் அவர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து, தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டி ஒன்றரைப் பக்கம் அடித்தேன். சிங்கம்போல் பாய்ந்தார், உயிரைத் துச்சமாக மதித்தார் என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

ஹெட் கிளார்க் சுபேதார் வேலூர்ப் பக்கத்துக்காரர். சிவப்புப் பென்சிலை எடுத்து முதலில் சிங்கத்தை அடித்தார். பிறகு ஓரத்தில் மூன்று கேள்வி எழுதினார்: எத்தனை கஜம்? எத்தனை மணி? பார்த்தது யார்?

"இது மேடைப் பேச்சு இல்ல தம்பி. பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட்னு ஒவ்வொரு மேஜையிலயும் இதைப் படிப்பாங்க. அவங்க யாரும் அந்த ஓடையைப் பார்த்ததில்ல. நீ காட்டினாத்தான் உண்டு" என்றார்.

அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துக் கொடுத்தார். போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் சைட்டேஷன்கள், அவரே கையால் பிரதி எடுத்தவை. அப்போது மொத்தமே 17 பேர்தான். கார்கிலுக்குப் பிறகு 21. அதில் 14 பேருக்கு இறந்த பிறகுதான் கிடைத்தது.

முதல் தாள் மேஜர் சோம்நாத் சர்மாவுடையது. 1947 நவம்பர் 3, ஸ்ரீநகர் விமானத் தளத்துக்கு அருகே பட்காம். ஹாக்கியில் அடிபட்டு இடது கையில் மாவுக்கட்டு. அந்தக் கையோடுதான் குமாவுன் படைப்பிரிவின் ஒரு கம்பெனியை நடத்தினார். ஆட்கள் விழ விழ, மெஷின் கன்காரர்களுக்குத் தானே மேகஸினில் தோட்டா நிரப்பிக் கொடுத்தார். எதிரி 50 கஜத்தில் வந்துவிட்டான், ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டேன் என்று வயர்லெஸில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மோர்ட்டார் குண்டு விழுந்து இறந்துபோனார். அந்த 50 கஜத்தைப் படித்தபோதுதான் சுபேதாரின் கேள்வி எனக்குப் புரிந்தது. எங்கள் கேம்ப் வாசலிலிருந்து குக்ஹவுஸ் அவ்வளவு தூரம்கூட இருக்காது.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் தாளை அன்று இரண்டு முறை படித்தேன். பம்பாயில் பிறந்தவர், சென்னை பரங்கிமலையில் பயிற்சி முடித்து 1972-இல் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25 ராத்திரி, இலங்கையில் தேடுதல் முடித்துத் திரும்பும் வழியில் அவருடைய மஹார் படைப்பிரிவு ஜவான்கள்மேல் தாக்குதல். பதறாமல் எதிரியின் பின்பக்கம் சுற்றிப் போனார். கைகலப்பில் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். உயிர் போகும்வரை ஆணை கொடுத்துக்கொண்டே இருந்தார். அமைதிப்படை என்றாலே நம் ஊரில் பேச்சு வேறு பக்கம் போகும். அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் அந்தத் தாளில் இருந்தது ஒரு மனிதனின் கடைசி நிமிடங்கள். அதில் எந்த வார்த்தையும் உரக்கப் பேசவில்லை.

பதக்கமும் அப்படித்தான், அலங்காரம் கிடையாது. ஒன்றே முக்கால் விரல்கடை அகலத்தில் வெண்கல வட்டம், ஊதா நாடா. நடுவில் அரசுச் சின்னம், சுற்றிலும் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. வடிவமைத்தவர் சாவித்ரி பாய் கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய அதிகாரி ஒருவரை மணந்து, நம் புராணங்களைக் கரைத்துக் குடித்த பெண்மணி. தன் எலும்பையே அந்த வஜ்ராயுதத்துக்குக் கொடுத்த ததீசி முனிவரை அவர் நினைத்தது எவ்வளவு பொருத்தம்!

பெயரைவிட ஆர்மி நம்பர் முக்கியம் என்று கிளார்க் வேலையில் சேர்ந்த அன்றே சொல்வார்கள். நான் ஒருமுறை ஒரு விதவையின் பென்ஷன் தாளில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். தாள் திரும்பி வந்து சரியாவதற்குள் அந்த அம்மா நான்கு மாதம் பணமில்லாமல் இருந்தார். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது. கார்கிலில் டைகர் ஹில் ஏறிய யோகேந்திர சிங் யாதவுக்கு பரம் வீர் சக்ரா என்று முதலில் அறிவித்தபோது, இறந்துவிட்டவராகச் சொன்னார்கள். அவரோ உடம்பெல்லாம் குண்டுக் காயத்தோடு மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். இறந்தவர் அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர். 19 வயதுப் பையன் கட்டிலில் படுத்திருக்கிறான், இன்னொரு வீட்டில் அதே பெயரைச் சொல்லி அழுகிறார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று என் மேஜையில் இருந்த எல்லாத் தாள்களின் நம்பரையும், பக்கத்தில் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லி மறுபடி சரிபார்த்தேன்.

அந்த நாயக்கிடம் மறுநாள் காலை போனேன். ஓடையிலிருந்து சுவர்வரை எத்தனை கஜம் என்று கேட்டேன். நாற்பது இருக்கும் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் பதில் சொல்லாமல் மைதானத்துக்கு இறங்கி, குனிந்து எதையோ இழுப்பதுபோலப் பின்னாலேயே நடந்தார். ஓரிடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். யோசித்தார். பிறகு பத்தடி முன்னால் வந்து நின்றார்.

"இவ்வளவுதான் பாபுஜி" என்றார் இந்தியில். "கூட எழுதிடாதீங்க."

முப்பது என்று அடித்தேன்.