மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிப் பாடம்: ஒரு கற்சிலை உருவாகும் வரிசை

மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் 1957-இல் தொடங்கியது. அதுவரை அப்பனிடம் மகன் என்று பட்டறையிலேயே பழகிவந்த தொழில் இது. பொறுப்பேற்ற வைத்தியநாத ஸ்தபதியும், அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதியும் அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். இடம் மாறினாலும் கற்கும் வரிசை மாறவில்லை. முதலில் கோடு, பிறகுதான் உளி. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பொறுமைதான் கடினம். ஆனால் கோட்டில் தவறியதை உளியால் சரிசெய்ய முடியாது.

உருவத்தின் உயரத்தை முக நீளத்தைப் போல் ஒன்பது மடங்காகக் கொள்ளும் நவதாள அளவில் பழகுவது நல்லது. நெற்றியில் முடி தொடங்கும் கோடாகிய கேசாந்தம் முதல் பாதம் வரை 108 அங்குலம். இந்த அங்குலம் அந்தந்தச் சிலைக்கே உரிய அளவு. 27 இன்ச் உயரச் சிலை என்றால் ஓர் அங்குலம் கால் இன்ச். முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, அங்கிருந்து அடிவயிற்றின் எல்லை 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. மகுடமும் பீடமும் இந்தக் கணக்கில் சேராது. இதை மறந்து 27 இன்ச் கல்லையே எடுத்தால் மகுடத்துக்கு இடமிருக்காது.

கல்லைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணிபோல் கணீரென்று ஒலிப்பது ஆண் கல், மூர்த்திக்கு ஏற்றது. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். கல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள். மற்ற இடம் வெளுத்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அதுதான் விரிசல். அது கழுத்திலோ மணிக்கட்டிலோ விழும் என்றால் அந்தக் கல் வேண்டாம்.

காவியால் நடுக்கோடாகிய பிரம்மசூத்திரத்தை முதலில் போட்டு, அதிலிருந்து இருபுறமும் அளக்க வேண்டும். கொத்தக் கொத்தக் கோடு போய்விடும். ஒவ்வொரு அடுக்கு இறங்கியதும் திரும்ப வரையுங்கள். கண்ணளவை நம்பினால் ஒரு தோள் இறங்கிவிடும். மூக்கு நுனி, முன்கை, முழங்கால் போன்று முன்னுக்கு நிற்கும் இடங்களில் கல்லைத் தாராளமாக விட்டுவைக்க வேண்டும். மூக்கு அரை அங்குலம் குறைந்தால் முகம் முழுவதையும் பின்னுக்குத் தள்ள நேரும். பிறகு காதும் கழுத்தும் கணக்கில் நிற்காது. விரல்களுக்கு இடையிலும், உயர்த்திய கைக்கும் தோளுக்கும் நடுவிலும் உள்ள கல்லைக் கடைசி வரை எடுக்கக் கூடாது. அந்த முட்டுதான் அதிர்வைத் தாங்குகிறது.

உளி தட்ட, அதாவது மழுங்கிய நுனியைக் கூராக்க, தெரியாதவர் பாதி நாள் சும்மா இருக்க வேண்டியதுதான். கரி உலையில் நுனியைச் செஞ்சூடாக்கி, அடித்துக் கூராக்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்க்க வேண்டும். வெளியே எடுத்துத் தேய்த்தால், மேலே தங்கிய சூடு நுனிக்கு இறங்குவது நிறத்தில் தெரியும். வைக்கோல் நிறம் வந்ததும் மறுபடி தோய்க்கணும். அதற்குமுன் தோய்த்தால் நுனி உடையும்; நீலம் ஏறவிட்டால் மழுங்கும்.

கடைசி அடுக்கில் உளியை நட்டக்குத்தாகப் பிடித்து ஓங்கி அடிக்காதீர்கள். கல் உள்ளுக்குள் நசுங்கி வெள்ளைப் புள்ளி விழும். காய்ந்த கல்லில் அது கண்ணுக்குப் படாது. கார்போரண்டம் என்னும் சாணைக்கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகு ஏறிய பிறகே வெளியே வரும். அப்போது அதைப் போக்க அந்தப் பரப்பு முழுவதையும் ஒரே சீராக இறக்கியாக வேண்டும்.