பங்காளியின் கடன்

"இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார் ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர். "தெரியும்" என்றேன். அதற்கு மேல் அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. "தெரியாது, கண்டுபிடிப்பது உங்க வேலை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாமோ என்று இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆத்தங்குடிப் பட்டறைக்கு ஷெட் போடக் கடன் கேட்டிருந்தேன். கண்ணாடியில் வார்த்த டைலைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் காய வைக்க நல்ல கூரை வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த வேலை நடக்காது. என்னுடையது புரொப்ரைட்டர் தொழில், நான் ஒருவனே முதலாளி. அதனால் வங்கி முதலில் பார்ப்பது என் சொந்தக் கடன் வரலாற்றைத்தான். 300-க்கும் 900-க்கும் நடுவில் போடுகிற ஸ்கோர் எனக்கு 600-க்குக் கீழே வந்து நின்றது. லோடு வண்டிக் கடன் ஒன்று, மாதக்கணக்கில் தவணை கட்டாமல். நான் லோடு வண்டி வாங்கியதே இல்லை. டைல் போவதெல்லாம் வாடகை வண்டியில்தான்.

யாருடையது என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. சித்தப்பா மகனுடையது. எங்கள் பக்கம் மூத்த பேரனுக்கு ஐயா பெயரை வைப்பார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் என்றால் மூன்று வீட்டிலும் அதே பெயர் இருக்கும். என் அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் 'எஸ்'ஸில் தொடங்குவதால் இனிஷியலும் ஒன்றாகிப் போனது. முகவரி பூர்வீக வீடு. எத்தனையோ புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்குள்ள அந்த வீட்டில் இன்றைக்கு வாட்ச்மேன் மட்டும்தான் இருக்கிறார்; வாக்காளர் அட்டைப்படி நாங்கள் எல்லோரும் அங்கேதான் குடியிருக்கிறோம். பழைய கடன் என்பதால் பான் எண்ணையும் ஏற்றவில்லை. பெயர், இனிஷியல், கதவு எண் எல்லாம் பொருந்தினால் கம்ப்யூட்டர் வேறென்ன செய்யும்? பிறந்த தேதி மட்டும் வேறு. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நடைமுறை தெரியாதவன் இல்லை நான். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று கடன் வரலாற்றைப் பதிந்து வைக்க நாட்டில் நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். தப்பு இருந்தால் ஆன்லைனிலேயே புகார் போடலாம். ஆனால் அவர்களாக எதையும் அழிக்க மாட்டார்கள். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டு திருத்தி அனுப்ப வேண்டும், அதற்கு 21 நாள். மொத்தமாக 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. புகாரைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் அதுவாகவே முடிந்திருக்கலாம். 'எங்கள் பதிவு சரியே' என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கவும் கூடும். அப்படி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் வண்டிக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கு நேரிலேயே போனேன்.

அங்கே அவர் பழைய ஃபைலை எடுத்தார். அடையாள அட்டை ஜெராக்ஸில் இருந்த படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கையெழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். இன்னொருவர் ஃபைலைக் காட்டக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, பாவம். தமிழ்க் கையெழுத்து. கடைசி எழுத்துக்கு அடியில் வாலை இழுத்து இரண்டு புள்ளி வைத்திருந்தது. பள்ளிக்கூட நோட்டிலேயே அவன் அப்படித்தான் போடுவான். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

என் பான், ஆதார், பிறந்த தேதி, கையெழுத்து எல்லாம் மேஜையில்தான் இருந்தன. நான் அந்த ஆள் இல்லை என்பதற்கு அவை போதும். அந்த ஆள் யார் என்று நான் சொல்லியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சொன்னேன். திருப்பூரில் இருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஊரை அவர் கேட்கவே இல்லை.

நியாயம் என் பக்கம்தான். வாங்கியவன் அவன், கட்ட வேண்டியவனும் அவன். நான் பொய் சொல்லவில்லை. அவன் கடனை நான் ஏன் சுமக்க வேண்டும்? இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். "சரி, சொல்றதுக்கு முந்தி அவுககிட்ட ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" என்று மனைவி கேட்டாள். போட்டிருந்தால் "கொஞ்சம் பொறு" என்றிருப்பான். நானும் பொறுத்திருப்பேன். ஷெட் போன மாதிரிதான்.

ரிப்போர்ட் திருந்தியது, கடனும் வந்தது, ஷெட்டும் போட்டாயிற்று.

திருத்தம் என்றால் தப்பான வரி அழிந்துபோகும் என்றுதான் நினைத்திருந்தேன். அது அழியாது, உரியவன் கணக்குக்குப் போய்ச் சேரும். இத்தனை நாளும் அந்தப் பாக்கி என் பெயரில் கிடந்ததால் அவன் ரிப்போர்ட் சுத்தமாக இருந்திருக்கலாம். அவன் மகளுக்கு இந்த வருடம் கல்லூரி. கல்விக் கடனில் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அவர் ரிப்போர்ட்டையும் பார்ப்பார்கள்.

முன்னோருக்குப் பங்காளிகள் கூடிப் போடும் படைப்புக்கு வந்திருந்தான். பந்தியில் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். "ஷெட் போட்டியாமே, தகரமா ஆஸ்பெஸ்டாஸா?" என்று கேட்டான். தகரம் என்றேன். விஷயம் தெரிந்து கேட்டானா, சும்மா கேட்டானா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மகள் எங்கே சேர்ந்திருக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஃபைனான்ஸ் கம்பெனி நான்கு இடத்துக்கும் திருத்தம் அனுப்பியிருக்க வேண்டும். போன வாரம் பார்த்தபோது நான்கில் ஒன்றில் அந்த லோடு வண்டி இன்னும் என் பெயரிலேயே நிற்கிறது. அதற்குப் புகார் போடவில்லை. பட்டறையில் வேலை அதிகம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.