ரோஜாப்பூ படம் வேண்டாம், காப்பி குடிச்சாச்சான்னு கேளுங்க

காலை அஞ்சரைக்கெல்லாம் குடும்ப குரூப்பில் முதல் ரோஜா விழுந்துவிடும். இதழில் பனித்துளி, பக்கத்தில் ஆவி பறக்கிற காப்பி, மேலே மஞ்சள் எழுத்தில் 'இனிய காலை வணக்கம்'. ஆறு மணிக்குள் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் ஒன்று, தங்கக் குதிரையில் அழகர் ஒன்று, எந்தப் பெரியவரும் சொல்லாத பொன்மொழியை ஒரு பெரியவர் படத்துக்குக் கீழே ஒட்டியது ஒன்று. படத்தின் தலைமாட்டில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது அஞ்சு கை மாறி வந்த சரக்கு. அந்த மாதிரிச் சரக்கை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி 2020-ல் வாட்ஸ்அப் கட்டுப் போட்டது. காலை வணக்கப் படங்களை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கிற வசதியை 2018 வாக்கிலேயே கூகுள் தன் ஃபைல்ஸ் செயலியில் கொண்டுவந்தது. நம்ம ஊர்ப் பாசம் அவர்களை அந்த அளவுக்குக் கவலைப்பட வைத்திருக்கிறது.

போன் நிறையாமல் இருக்க ஒரு வழி உண்டு. குரூப் பெயரைத் தொட்டு உள்ளே போய் 'மீடியா விசிபிலிட்டி' என்பதை 'நோ' ஆக்கினால் புதுப் படங்கள் கேலரியில் தெரியாது. ஆனால் அவை போனுக்குள் வந்து உட்காரத்தான் செய்யும். இறங்கவே கூடாது என்றால் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய் தானியங்கி டவுன்லோடையும் நிறுத்த வேண்டும். பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, இடம் ஏன் குறைந்துகொண்டே போகிறது என்று முழிப்பார்கள்.

ரோஜாவைக் கிண்டல் செய்யலாம், தப்பில்லை. ஆனால் திருமங்கலத்தில் தனியாக இருக்கிற அத்தை அனுப்புகிற ரோஜாவுக்கு வேறு அர்த்தம். 'எந்திரிச்சுட்டேன், நடமாடுறேன், இன்னைக்கும் இருக்கேன்' என்கிற வருகைப் பதிவு அது. பதிலுக்கு இன்னொரு ரோஜா அனுப்பினால் கணக்கு நேராகிவிடும், அவ்வளவுதான். "அத்தை, இன்னைக்கு என்ன, ரோஜா மஞ்சளா வந்துருக்கு? கால் வீக்கம் வடிஞ்சுச்சா?" என்று கேட்டால், படத்தை அனுப்பிய ஆளைப் பார்த்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

நம்ம வீடுகளில் காலையில் யாரும் யாருக்கும் வணக்கம் வைப்பதில்லை. காலை வணக்கம் என்பது பள்ளிக்கூடத்தில் டீச்சர் உள்ளே வந்ததும் கோரஸாக இழுப்பது, மேடையில் மைக்கைத் தட்டிவிட்டுச் சொல்வது. வீட்டில் கேள்விதான் வணக்கம். எந்திரிச்சாச்சா, காப்பி குடிச்சாச்சா, வாசத் தெளிச்சாச்சா, தண்ணி வந்துச்சா. காலைச் செய்தி எழுத உட்காருகிறவர்கள் இதை மறந்துவிட்டு அழைப்பிதழ் நடையில் ஆரம்பிப்பதுதான் முதல் கோளாறு. 'இந்நாள் தங்களுக்கு இனிய நாளாக அமைய வாழ்த்துகிறேன்' என்று பெற்ற தாய்க்கு எழுதினால், அந்த அம்மா 'புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு' என்று பயந்துதான் போவாள்.

நல்ல காலைச் செய்திக்கு மூன்று உறுப்பு போதும். முதலில் விளி. அடுத்து, அந்த ஆளுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு சங்கதி. கடைசியில் ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி, அல்லது பதிலே வேண்டாத ஒரு தகவல். எல்லாம் சேர்த்து அஞ்சிலிருந்து பதினைந்து சொல். எழுதியதை அப்படியே எடுத்து இன்னொருத்தருக்கும் அனுப்ப முடிந்தால் அது நோட்டீஸ். அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

விளியை முன்னால் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூட்டிய திரையில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அந்த இடத்தை 'இனிய காலை வணக்கம்' தின்றுவிட்டால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். அப்பத்தா, அம்மாச்சி, சித்தப்பு, மதினி, அத்தாச்சி என்று நேரில் என்ன கூப்பிடுகிறீர்களோ அதையே எழுதுங்கள். நேரில் 'மாப்ள' என்கிற ஆளுக்கு எழுத்தில் 'அன்புள்ள' வேண்டாம். தாத்தா பெயரை வைத்த பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'அய்யா' என்கிற வீடுகள் மதுரைப் பக்கம் நிறைய. மகளை 'ஆத்தா' என்பதும் அப்படித்தான். ஹாஸ்டலில் இருக்கிற பையனுக்கு அந்த ஒரு 'அய்யா'வே பாதிச் செய்தி.

சங்கதிக்கு எங்கே போவது? நேற்றைய பேச்சின் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு. போனை வைக்கப்போகும் நேரத்தில்தான் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள்: 'சரி வைக்கிறேன், ராத்திரிதான் கொஞ்சம் தூக்கம் வர மாட்டேங்குது.' அதுதான் மறுநாள் காலைச் செய்தி. மறந்துவிடுகிற ஆள் என்றால் போனில் உள்ள நோட்ஸில் ஆளுக்கு ஒரு வரி போட்டு வைக்கலாம்: 'சித்தப்பு, வியாழன் கண் ஆஸ்பத்திரி', 'மதினி, சீட்டுப் பணம்'. தேதி உள்ளதை காலண்டரில் முந்தின நாள் ராத்திரிக்கு நினைவூட்டலாக வைப்பது நல்லது. காலையில் வைத்தால் அவசரத்தில் அடித்து எழுத்துப் பிழையோடு போகும்.

ஒரு செய்தியைத் திருத்திப் பார்ப்போம். உசிலம்பட்டியில் இருக்கிற அப்பத்தாவுக்கு, நேற்று முழங்கால் வலி. பேரன் முதலில் எழுதுவது: "இனிய காலை வணக்கம் அப்பத்தா. எந்திரிச்சாச்சா? கால் வலி எப்படி இருக்கு? தைலம் தேச்சீகளா? தூங்குனீகளா? காப்பி குடிச்சீகளா?" பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் கேள்வி அஞ்சு. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அமுக்குகிற கிழவி எதற்கென்று பதில் சொல்வாள்? கட்டைவிரல் படத்தை அமுக்கிவிட்டுப் போய்விடுவாள். வணக்கத்தை வெட்டி, கேள்விகளில் நாலை வெட்டினால் மிஞ்சுவது: "அப்பத்தா, நேத்து தேச்ச தைலத்துக்கு முழங்கால் கேட்டுச்சா?" ஆறே சொல். தைலம் தேய்த்தது தெரியும், வலி முழங்காலில் என்பது நினைவிருக்கிறது, எந்திரித்ததும் கேட்கத் தோன்றியிருக்கிறது, எல்லாம் அதற்குள் அடக்கம். 'கேட்டுச்சு', 'கேக்கல' என்று ஒரே சொல்லில் பதில் வரும். 'கேக்கல' என்று வந்தால் உடனே போன் போடுங்கள். எழுத்து வேலை அங்கே முடிந்தது.

இதே கேள்வியை ஏழு நாளும் கேட்டால் எரிச்சல். 'மாத்திரை போட்டீகளா', 'சுகர் எவ்வளவு' என்று தினமும் காலையில் கேட்கிறவர் பேரன் இல்லை, இன்ஸ்பெக்டர். உடம்பைப் பற்றி ஒரு நாள் கேட்டால் மறுநாள் வேறு எதையாவது தொடுங்கள்: கோழி, பக்கத்து வீட்டுச் சண்டை, முருங்கை பூ வைத்திருக்கிறதா.

நேரம் விஷயத்தில்தான் பலர் சறுக்குவது. மதுரையில் காலை 6 மணி என்றால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 8.30, வேலைக்குள் இறங்கியிருப்பார்கள். துபாயில் 4.30, கத்தாரிலும் சவுதியிலும் 3.30. லண்டனில் கோடையில் 1.30, குளிர்காலத்தில் 12.30, நல்ல தூக்கம். நியூஜெர்சியில் முந்தின நாள் ராத்திரி, கோடையில் 8.30, குளிர்காலத்தில் 7.30. சோறு தின்றுகொண்டிருக்கிறவனுக்குக் 'காலை வணக்கம்' வந்து விழும். அங்கே இருக்கிறவர்களுக்கு நம்ம சாயங்காலம் 5 மணிக்கு அனுப்பினால் அவர்களுக்குக் காலை 6.30 அல்லது 7.30. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10-லிருந்து 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை. கட்டட வேலைக்காரர்கள் அந்த மாதங்களில் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு நம்ம 7 மணி, அதாவது அங்கே 4.30, சரியான நேரம்.

உள்ளூரிலும் நேரம் ஒன்றில்லை. மல்லி போட்டிருக்கிற ஊர்களில் விடியுமுன்னே தோட்டத்தில் இறங்கி மொட்டுப் பறிப்பார்கள். மடியில் பூ, கையில் ஈரம். எட்டு மணிக்கு முன்னால் அவர்களுக்கு அனுப்புவது கிணற்றில் போட்ட கல். நைட் டூட்டி நர்ஸுக்கு டூட்டி முடிந்து பஸ் ஏறுகிற நேரம் பார்த்து அனுப்புங்கள், பத்து மணிக்கு அனுப்பினால் அப்போதுதான் கண் அசந்திருப்பாள். டெலிகிராமில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சத்தமில்லாமல் அனுப்பவும், நேரம் குறித்து அனுப்பவும் வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ராத்திரியே எழுதி அனுப்பாமல் விட்டு வைத்தால் காலையில் அப்படியே இருக்கும், எடுத்துப் பார்த்து அனுப்பலாம். நேரம் குறித்துத் தானாகப் போகிறபடி வைப்பதை நான் சொல்ல மாட்டேன். ராத்திரி அந்த வீட்டில் ஏதாவது ஆகியிருந்தாலும் காலை ஆறுக்கு உங்கள் சிரிப்பு பொம்மை போய் நிற்கும்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்பதைச் சின்னவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'பல்' என்பதற்கும் 'பால்' என்பதற்கும் பலர் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள். பல்செட் கட்டக் கொடுத்திருக்கிற பெரியப்பாவிடம் 'பால் வாங்கியாச்சா' என்று கேட்கப்போய் அவர் ஆஸ்பத்திரிக்கு எப்போது போவது என்று விளக்கம் எழுதுவார். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கை அமுக்கிப் பேசினாலே எழுத்து வரும். கேள்விக்குறி பெரும்பாலும் வராது, கையால் போட வேண்டும். 'சா' ஒன்று 'சு' ஆகிவிட்டாலும் அர்த்தம் கவிழும்: 'மாமா போயாச்சா' என்பது 'மாமா போயாச்சு' என்று போய் நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அனுப்பியபின் 15 நிமிஷத்துக்குள் என்றால் வாட்ஸ்அப்பில் திருத்தலாம். அதற்குள் அவர்கள் படித்திருந்தால் திருத்தாமல் போன் போடுவதே மேல்.

எழுத்து வாசிக்க வராதவர்களுக்குக் குரல் பதிவு. இருபது வினாடிக்குள் முடியுங்கள். மைக்கை மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் விரல் நழுவிப் பாதியில் போகாது. ஃபேனுக்கு நேர் கீழே நின்று பேசினால் காற்று இரைச்சல்தான் கேட்கும். ஆனால் குக்கர் விசில், வாசலில் கீரைக்காரம்மா குரல் எல்லாம் விழுந்தால் விழட்டும். ஊரை விட்டுப் போனவர்கள் அதற்காகவே இரண்டாம் தரம் கேட்பார்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பாட்டி போனைப் பெரும்பாலும் யாராவது எடுத்து வாசித்துக் காட்டுகிறார்கள். கடன், ஆஸ்பத்திரி பில், மருமகள் பேச்சு இதெல்லாம் காலைச் செய்தியில் வரக்கூடாது.

வெளியூரில் இருக்கிற மதுரைக்காரர்களுக்கு விசாரிப்பைவிட ஊர்ச் செய்திதான் இனிக்கும். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 தொட்டதும் கரையோரத்துக்கு முதல் எச்சரிக்கை வரும். "மாப்ள, அணை 66 தொட்டுருச்சாம். ஆத்துல தண்ணி வந்தா பாலத்துல நின்னு வீடியோ அனுப்புறேன்" என்று எழுதினால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், போனே வரும். மார்கழி பிறந்தால் பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தை விலையை ஒரு வரி போடுங்கள். தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். அந்த மூன்று காலையும் வேறு எதையும் எழுத வேண்டியதில்லை. ஜிகர்தண்டா படம் மட்டும் அனுப்பாதீர்கள், காலையில் அதை யார் குடிக்கிறார்கள்? பருத்திப்பால் வண்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பரீட்சை நாள் காலையில் கேள்வியே கூடாது. 'படிச்சிட்டியா' என்பது அந்த நேரத்தில் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். "ஆத்தா, ஹால் டிக்கெட் பைல முன் ஜிப்புல இருக்கு. மத்தியானம் உனக்குப் புடிச்ச சேமியா" போதும். சண்டை போட்ட தம்பிக்கு எழுதினால் சண்டையையும் மன்னிப்பையும் தொடாமல், பொதுவான ஒரு காரியத்தைத் தொடுங்கள்: "தம்பி, இன்னைக்கு உங்க பக்கம் ஒம்பதுல இருந்து கரண்ட் இருக்காதாம். மோட்டார முன்னாடியே போட்டுரு." நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மேலே ஒரு கேள்விக்குறியைத் தட்டி அனுப்பினால் பழையபடி வரப்புத் தகராறில்தான் போய் நிற்கும்.

தினமும் வேண்டுமா? வயசாளிகள் தனியாக இருந்தால் தினமும், ஒரே நேரத்தில். எட்டு மணி வரை பதில் இல்லை என்றால் போன், போனும் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீடு என்று முன்கூட்டியே பேசி, பக்கத்து வீட்டு நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுத முடியாத நாளை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பதற்றம் அந்தப் பக்கம். மற்றவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று தரம் போதும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு எல்லோருக்கும் ஒன்றை அனுப்புவது கல்யாணப் பத்திரிகைக்குத்தான் லாயக்கு.

கேத வீட்டுக்குப் படம் போகாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. குரூப்பில் அந்த வீட்டு ஆட்கள் இருந்தால், காரியம் முடிகிற வரை ரோஜாவை நிறுத்தச் சொல்லி அட்மின் ஒரு வரி போட வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தனியாக அனுப்புவதில் 'இனிய', 'நல்ல' இரண்டும் வேண்டாம். 'எப்படி இருக்கீக' என்றும் கேட்க வேண்டாம், அதற்கு என்ன பதில் சொல்வது? முதல் பதினாறு நாள் வீடு நிறைய ஆள் இருக்கும், உங்கள் செய்தி தேவைப்படாது. பதினேழாம் நாள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறியிருக்கும். அன்றைக்குக் காலை ஆறரைக்கு: "அத்தாச்சி, நான் எந்திரிச்சுட்டேன். காப்பி போட்டீகளா?"