ஏப்ரலில் பனி தேடி

ஏப்ரல் விடுமுறையில் பனிச்சறுக்குக்கு எந்த ஊருக்குச் செல்வது என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேசி, கடைசியில் பிரான்ஸின் வால் தொரான்ஸ் என்று முடிவு செய்துவிட்டோம்.

சென்ற ஆண்டு ஆயிரம் மீட்டர் உயரமே உள்ள ஓர் ஊரில், பச்சைப் புல்வெளிக்கு நடுவே பாய் விரித்தாற்போல் கிடந்த செயற்கைப் பனி நண்பகலுக்குள் கரைந்து, சறுக்குக்கட்டைகளில் சேறும் புல்லும் அப்பிக்கொள்ள, மகள் அழுதபடி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே இம்முறை உயரத்தைத்தான் முதலில் பார்த்தேன். வால் தொரான்ஸ் 2300 மீட்டரில், ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் அமைந்த பனிச்சறுக்கு ஊர். அங்கிருந்து சீம் கரோன் சிகரத்துக்கு, ஏறத்தாழ 3200 மீட்டர் வரை, கம்பிவட ஊர்தியில் ஏறலாம்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டும் மனத்தில் இருந்தது. மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்தபடி பனியாற்றின்மீது ஆண்டு முழுவதும் சறுக்க முடியும் என்றாலும், செலவு எங்கள் கைக்கு எட்டவில்லை.

வால் தொரான்ஸில் மரங்களே இல்லை என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை. மேகம் இறங்கினால், கண்ணுக்கு அடையாளமாக ஒரு மரமும் இன்றிச் சரிவும் வானமும் ஒரே வெண்மையாகி, எதிரிலுள்ள மேடுபள்ளம் தெரியாது. அப்படிப்பட்ட நாளில், அதே சறுக்குப் பாதை வலையமைப்பில் இணைந்துள்ள மெரிபெல்லின் ஊசியிலைக் காடுகளுக்குள் இறங்கிவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். உயரத்தில் முதல் இரவு தலைவலி வரக்கூடும் என்பதால், முதல் நாளை ஓய்வுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.